கிளைடரில் தண்ணீர் ஏற்றுவதற்கு முன், கொட்டக் கற்றுக்கொள்ளுங்கள்

குடியாத்தத்திலிருந்து ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போன ஒரு பெண் கேட்டிருக்கிறார். அங்கே ஒரு மன்றத்தில் சேர்ந்து இரண்டு வருடமாக கிளைடர் ஓட்டுகிறாராம். தனியாகவே நூறு மணி நேரம் தாண்டிவிட்டது. இந்தப் பருவத்தில் இறக்கையில் தண்ணீர் நிரப்பிப் பறக்கலாம் என்று பயிற்றுநர் சொல்லியிருக்கிறார். கேள்விகள் நான்கு. இன்ஜினே இல்லாத விமானத்தில் எதற்காக 150 லிட்டர் தண்ணீரை நாமே ஏற்ற வேண்டும்? ஏற்றினால் எதற்குப் பயப்பட வேண்டும்? எப்படிப் படிப்படியாகப் பழகுவது? கடைசியாக, விடுமுறைக்கு வந்தால் வேலூர்ப் பக்கம் பறக்க வழி உண்டா?

நான் வேலூர் சத்துவாச்சாரிக்காரன். புனே ஹடப்சரில் கிளைடர் கற்றேன். பிறகு வேலை நிமித்தமாக ஜெர்மனியில் இருந்த வருடங்களில் தண்ணீரோடும் தண்ணீர் இல்லாமலும் நிறையப் பறந்தேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால். தண்ணீரோடு பறப்பது பெரிய வித்தை இல்லை. நேராகப் போகும்போது வேறுபாடே தெரியாது. சில சமயம் காற்றின் குலுக்கல் குறைந்து சுகமாகக்கூட இருக்கும். விபத்துகள் வருவது புறப்படும்போதும் இறங்கும்போதும். அதிலும் தண்ணீர் ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாமல் போகும்போது. அதனால் ஏற்றிப் பறக்கும் பாடத்துக்கு முன்னால், முழுதாக, இரண்டு பக்கமும் ஒன்றுபோல, நேரத்தோடு கொட்டும் பாடம் கைவசம் ஆகியிருக்க வேண்டும்.

எதற்காக ஏற்றுகிறோம் என்பதற்கு ஏலகிரி மலைப்பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். காலி லாரி ஒன்றும் மூட்டை ஏற்றிய லாரி ஒன்றும் மேலிருந்து நியூட்ரலில் உருண்டு வந்தால் சுமை லாரிதான் வேகமாக வரும். சரிவு ஒன்றுதான், இழுக்கும் எடைதான் அதிகம். கிளைடரும் காற்றுக்குள் ஒரு சரிவில் உருண்டுகொண்டே இருக்கும் வண்டி. 40 மீட்டர் முன்னால் போவதற்கு ஒரு மீட்டர் இறங்கும் கிளைடர், தண்ணீர் ஏற்றினாலும் அதே 40-க்கு ஒன்றுதான் இறங்கும். சரிவு மாறாது, அந்தச் சரிவில் போகும் வேகம் கூடும். எடை கூடினால் சீக்கிரம் விழுந்துவிடாதா என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டால் இதையே சொல்லுங்கள். ஒரே உயரத்திலிருந்து இரண்டும் ஒரே ஊருக்குத்தான் போய்ச் சேரும், கனமானது முன்னால் போய்ச் சேரும். மலையடிவாரத்தில் எந்த லாரியை நிறுத்துவது கஷ்டம் என்பதையும் மறக்காதீர்கள். அது பின்னால் வேண்டும்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். 15 மீட்டர் இறக்கை உள்ள ஒற்றை இருக்கைக் கிளைடர், ஓட்டியோடும் பாராசூட்டோடும் சேர்த்து 340 கிலோ என்று வையுங்கள். 150 லிட்டர் ஏற்றினால் 490 கிலோ. நம்மூரில் வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் கேனில் ஏழரை கேன். எடை 1.44 மடங்கு. வேகங்கள் எல்லாம் அதன் வர்க்கமூலத்தால், அதாவது 1.2 மடங்கால் கூடும். 70 கி.மீ. வேகத்தில் ஸ்டால் ஆனது, அதாவது இறக்கை தாங்கும் சக்தியை இழந்தது, இப்போது 84-லேயே ஸ்டால் ஆகும். மிக நீண்ட தூரம் சறுக்கும் வேகம் 100-லிருந்து 120 ஆகும். மிகக் குறைந்த இறக்கம் விநாடிக்கு 0.6 மீட்டராக இருந்தது 0.72 ஆகும். இந்த மாதிரிக் கிளைடர் தண்ணீர் இல்லாமல் 160-ல் போனால் விநாடிக்குச் சுமார் 1.8 மீட்டர் இறங்கும். தண்ணீரோடு அதே 160-ல் சுமார் 1.4-தான். இந்த வித்தியாசத்துக்காகத்தான் போட்டிக்காரர்கள் காலை ஆறு மணிக்கு எழுந்து கேன் தூக்குகிறார்கள்.

ஆனால் இலவசமாக எதுவும் கிடைக்காது. மேலே ஏறும்போது அந்தக் கடனைக் கட்ட வேண்டும். தெர்மல், அதாவது வெயிலில் சூடாகி மேலே எழும் காற்று, அதற்குள் வட்டமிட்டுத்தான் கிளைடர் ஏறும். 40 டிகிரி சாய்வில் 90 கி.மீ. வேகத்தில் சுற்றினால் வட்டத்தின் ஆரம் 76 மீட்டர். தண்ணீரோடு அதே சாய்வில் 108 வேண்டும், ஆரம் 109 மீட்டர். தெர்மலின் நடுவில்தான் காற்று வலுவாக ஏறும். நீங்கள் அதைவிட்டு முப்பது மீட்டருக்கு மேல் விலகிப்போய்ச் சுற்றுகிறீர்கள். தெர்மல் அகலமாகவும் வலுவாகவும் இருந்தால் பரவாயில்லை. குறுகலாகவும் சோம்பலாகவும் இருந்தால், தண்ணீர் இல்லாத கிளைடர்கள் உங்கள் தலைக்கு மேலே போய்விடும். எந்தத் தெர்மல் வலிமைக்கு எந்த வேகம் என்கிற கணக்கை எல்லோருக்கும் பழக்கமாக்கியவர் பால் மக்கிரெடி, 1956-ல் பிரான்சில் உலகப் பட்டம் வென்றவர். அந்தக் கணக்கில் உட்கார்ந்து பார்த்தால் புரியும்: சராசரி ஏற்றம் விநாடிக்கு 2 மீட்டருக்குக் கீழே போகும் நாளில் தண்ணீர் வெறும் பாரம். சுருக்க விதிதான், உங்கள் கிளைடருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். முதல் இரண்டு வருடங்களுக்கு அதைவிடத் தாராளமாகவே கொட்டிவிடுங்கள் என்பது என் கருத்து.

இப்போது அந்த லாரிக்கு வருவோம். இறங்கும்போது நிறுத்த வேண்டிய ஆற்றல் எடையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கினால் வருவது. எடை 1.44 மடங்கு, வேகத்தின் வர்க்கமும் 1.44 மடங்கு. பெருக்கினால் இரண்டு மடங்கைத் தாண்டுகிறது. அதே சின்னச் சக்கரம், அதே பிரேக், அதே வயல், ஆனால் இரண்டு மடங்கு ஆற்றல். தெரியாத வயலில் இறங்க நேர்ந்தால் இதுதான் காலை முறிக்கும். அதனால்தான் எந்த இறக்கமானாலும் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கு என்று சொல்வது.

எப்போது கொட்டத் தொடங்குவது? இங்கேதான் புதியவர்கள் தவறுகிறார்கள். தண்ணீர் வால்வின் லீவரைத் திறந்தவுடன் தண்ணீர் காணாமல் போய்விடும் என்று மனம் நினைத்துக்கொள்கிறது. ஒரு பக்கம் 75 லிட்டர், ஐந்து நிமிடத்தில் காலியாகிறது என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர். அந்த ஐந்து நிமிடத்தில் விநாடிக்கு ஒரு மீட்டர் இறங்கினாலே 300 மீட்டர் போய்விடும். சர்க்யூட்டுக்குள், அதாவது இறங்குவதற்கு முன் தளத்தைச் சுற்றிவரும் பாதைக்குள், நுழையும் உயரமே ஏறக்குறைய அவ்வளவுதான். அங்கே வந்து லீவரைத் தொட்டால் பாதித் தண்ணீரோடு தரையில் இருப்பீர்கள். என் கை வழக்கம்: தரையிலிருந்து 600 மீட்டருக்குக் கீழே வந்து, மறுபடி ஏறுவது உறுதியில்லை என்றால் திறந்துவிடுவேன். மனசு கேட்காது, இன்னும் ஒரு தெர்மல் கிடைத்துவிட்டால் வீணாகிவிடுமே என்று இழுக்கும். அது வெறும் குழாய்த் தண்ணீர், நாளை மறுபடி பிடித்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடம் என்பதும் உதாரணம்தான். உங்கள் கிளைடரின் நேரத்தை நீங்களே கடிகாரம் வைத்து அளந்திருக்க வேண்டும்.

சைக்கிளில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடம் தொங்கவிட்டுத் தண்ணீர் கொண்டுவருவதை குடியாத்தத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டு வாசலில் ஒரு குடத்தைக் கழற்றும்போது மறு கையால் சைக்கிளைத் தாங்காவிட்டால் என்ன ஆகும்? கிளைடரில் தாங்குவதற்கு மறு கை கிடையாது. 75 லிட்டர் ஒரு இறக்கையில் மட்டும் நின்றுவிட்டால், உடலிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி, இறக்கையின் மேல் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். வேகம் இருக்கும்வரை எய்லரான், அதாவது இறக்கையின் பின்விளிம்பில் சாய்வைத் திருத்தும் மடல், தாங்கும். வேகம் குறையக் குறைய தாங்காது. அந்த நிலையில் ஸ்டால் ஆனால் கனமான இறக்கை முதலில் விழும், ஸ்பின்னுக்குள், அதாவது சுழன்றபடி விழும் நிலைக்குள், போனால் மீள்வதற்கு நேரமும் உயரமும் அதிகம் தேவைப்படும், சில நேரம் மீளவே முடியாது.

இது எனக்கே நடந்தது. ஒரு ஜூலை மாதம், அங்கே நான் இருந்த மன்றத்தில். காலையில் தண்ணீர் நிரப்பி, மூடிகளை மூடி, இறக்கையும் உடலும் சேரும் இடைவெளியில் வெள்ளை டேப் ஒட்டினோம். உதவிக்கு வந்தவர் நல்ல மனசோடு வலது இறக்கையின் நிரப்பும் மூடிமேலும் ஒரு துண்டு ஒட்டிவிட்டார், காற்றுக்கு வழவழப்பாக இருக்கட்டும் என்று. அந்த மூடியின் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை உண்டு. தண்ணீர் கீழே போகப் போக மேலே காற்று வர வேண்டிய வழி அதுதான். அவர் ஒட்டியதைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியது நான். நான் சுற்றி வந்து பார்த்தபோது அந்தத் துண்டு என் கண்ணில் படவில்லை.

மாலையில் 900 மீட்டரில் லீவரைத் திறந்தேன். அப்போதும் என் கவனம் முழுக்க முன்னால் கலைந்துகொண்டிருந்த ஒரு மேகத்தின்மேல். நான்கு நிமிடம் கழித்துத்தான் உணர்ந்தேன்: நேராகப் பறப்பதற்கே கிளைடரை ஓட்டும் குச்சியை இடது பக்கம் மூன்று விரல் அளவு பிடித்திருக்கிறேன். என் கை தானாகவே திருத்திக்கொண்டு வந்திருக்கிறது, எனக்குச் சொல்லாமல். பக்கத்தில் பறந்த நண்பரை ரேடியோவில் கேட்டேன். இடது பக்கம் மட்டும்தான் புகை மாதிரி வந்துகொண்டிருந்தது, இப்போது அதுவும் நின்றுவிட்டது என்றார். வால்வை மூடித் திறந்து பார்த்தேன், பயனில்லை.

பிறகு செய்தவை எனக்குக் கற்றுத் தரப்பட்டவை. உயரம் இருக்கும்போதே, இறக்கையைச் சமமாக வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்தேன். 95-க்கு வந்தபோது குச்சி இடது எல்லையை நெருங்கியது. அதோடு நிறுத்தி, அதற்குக் கீழே தரை தொடும்வரை போவதில்லை என்று முடிவெடுத்தேன். சர்க்யூட்டில் 115 வைத்துக்கொண்டேன். சாய்வுகளைக் குறைவாகவும் திருப்பங்களை நீளமாகவும் எடுத்தேன். வலது பக்கம் காலியாக இருக்கும்படி புல்தரையின் இடது ஓரத்தைத் தேர்ந்தெடுத்தேன், கடைசியில் அந்தப் பக்கம்தான் இழுக்கும் என்று தெரியும். சக்கரம் தொட்டு ஓடும்போது நடைவேகத்துக்கு வருவதற்கு நெடுநேரம் முன்பே வலது இறக்கை தரையில் இறங்கியது. கிளைடர் கால் வட்டம் சுழன்று நின்றது. ஒன்றும் உடையவில்லை.

இறங்கிப் போய் அந்த டேப்பை உரித்தேன். உஸ் என்று துளை காற்றை உள்ளே இழுத்தது. அடுத்த நொடி இறக்கைக்கு அடியிலிருந்து கட்டைவிரல் பருமனுக்குத் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டியது முதல் முப்பது விநாடி. லீவரைத் திறந்ததும் வேறு எந்த வேலையும் செய்யாதீர்கள். கையைத் தளர்த்தி, குச்சி எந்தப் பக்கம் கேட்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் இரண்டு பக்கமும் வருகிறதா என்று கேளுங்கள். ஒரு பக்கம் வரவில்லை என்றால் அந்த நொடியே இரண்டையும் மூடுங்கள். முப்பது விநாடியில் வித்தியாசம் ஏழு எட்டு லிட்டர்தான், அதைச் சமாளித்துவிடலாம். பிறகு இரண்டு மூன்று முறை திறந்து மூடிப் பாருங்கள். வரவில்லையா, முழுத் தண்ணீரோடு சமமாக இறங்குவது ஒரு பக்கத் தண்ணீரோடு இறங்குவதைவிட எவ்வளவோ மேல். வேகத்தைக் கூட்டிக்கொண்டு நீளமான தளத்தில் இறங்கலாம்.

தரையில் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், பாதிப் பாதுகாப்பு அங்கேதான். முதலில் கையேடு. உங்கள் எடைக்கு எவ்வளவு தண்ணீர் ஏற்றலாம் என்று அட்டவணை இருக்கும். மொத்த எடை, தண்ணீர் இல்லாத எடை, ஈர்ப்பு மையம் மூன்றுக்கும் தனித்தனி எல்லை உண்டு, மூன்றையும் பார்க்க வேண்டும். அளந்து ஊற்றுங்கள், கண்மதிப்பு வேண்டாம். தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு சின்ன இலைத்துணுக்கு வால்வு வாயில் உட்கார்ந்தால் போதும்.

குழாயை நேராக இறக்கையில் சொருகித் திறந்துவிடாதீர்கள். ஒரு மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தமே ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு டன் தள்ளும். வீட்டுக் குழாயின் அழுத்தம் அதைப்போலப் பல மடங்கு. இறக்கைக்குள் அந்த அழுத்தம் ஏறினால் ஒட்டிய இடமெல்லாம் பிளந்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியக்கூடத் தெரியாது. கேனையோ தொட்டியையோ இறக்கையைவிடச் சற்று உயரத்தில் வைத்து, தானாக வடியும்படி புனல் வழியே ஊற்றுங்கள். மெதுவாகத்தான் ஆகும், ஆகட்டும். இறக்கைக்குள் பை வைத்த பழைய வகையானால் இன்னும் பொறுமை வேண்டும்.

நிரப்பி முடிந்ததும் இறக்கையைச் சமமாகப் பிடித்து மெல்ல விட்டுப் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கம் விழுந்தால் அந்தப் பக்கம் கூடுதல். பிறகு லீவரை இரண்டு விநாடி திறந்து மூடுங்கள், ஒருவர் இந்தப் பக்கமும் ஒருவர் அந்தப் பக்கமும் குனிந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பருமனில் வந்து, ஒரே நேரத்தில் சுத்தமாக நிற்க வேண்டும். மூடிய பிறகு சொட்டினால் அன்றைக்குப் பறக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சொட்டினால் மூன்று மணி நேரத்தில் எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். காற்றுத் துளைகளை விரலால் தொட்டுப் பாருங்கள். நான் அன்றைக்கு விட்டது அதைத்தான்.

பாதி நிரப்புவதைப் பற்றி ஒன்று. கோடையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி ஓட்டிவரும் அண்ணன் சொல்வார்: "ரொப்பினா முழுசா ரொப்பணும், இல்லன்னா காலியா வரணும். பாதித் தண்ணிதான் சார் வண்டியைக் கவுக்கும்." வளைவில் திரும்பும்போது பாதித் தண்ணீர் ஒரு பக்கம் ஓடிப்போய் அடிப்பது அவருக்குக் கைகளில் தெரியும். இறக்கைக்குள்ளும் அதேதான். தடுப்புகள் இருந்தாலும், ஒரு பக்கம் சாய்த்து வைத்த இறக்கையில் தண்ணீர் நுனிப் பக்கம் போய்விடும். பாதி நிரப்பி வரிசையில் காத்திருந்தால், புறப்படுவதற்கு முன் சில நிமிடமாவது இறக்கையைச் சமமாகப் பிடித்திருக்க வேண்டும். உங்கள் கிளைடரில் பாதி நிரப்பலாமா என்பதைக் கையேடு சொல்லும், அதன் சொல்லே முடிவு.

புறப்பாடு. இறக்கையில் எடை இருப்பதால் உருண்டு சாய்வதற்கும் நேரம் எடுக்கும், சாய்ந்ததை நிமிர்த்துவதற்கும் நேரம் எடுக்கும். ஓட்டத்தின் முதல் சில விநாடிகளில் எய்லரானுக்கு உயிரே இருக்காது. இறக்கை பிடித்து ஓடுபவரிடம் தண்ணீர் இருக்கிறது, கொஞ்சம் கூடுதல் தூரம் ஓடிவாருங்கள் என்று முன்பே சொல்லுங்கள். இடது கை, இழுவைக் கயிற்றை விடுவிக்கும் ரிலீஸ் குமிழை விட்டு நகரக் கூடாது. இறக்கை நுனி தரையைத் தொடப்போகிறது என்று தோன்றினால் இழுத்துவிடுங்கள், காப்பாற்றப் பார்க்காதீர்கள். இழுக்கும் விமானத்தின் ஓட்டிக்கும் சொல்ல வேண்டும், இழுவை வேகம் கூடுதலாக வேண்டும், ஓட்டமும் நீளும். பக்கக் காற்று பலமாக இருந்தாலோ, புல் உயரமாக இருந்தாலோ ஏற்றாதீர்கள். வின்ச்சில், அதாவது தரையில் நிற்கும் இயந்திரம் கயிற்றைச் சுருட்டி இழுத்து ஏற்றும்போது, குறைந்தபட்ச வேகம் கூடிவிடும், அதிகபட்ச வேகம் அப்படியே இருக்கும். நடுவில் உங்களுக்குக் கிடைக்கும் இடம் குறுகிவிடுகிறது. தாழ்வாக இருக்கும்போது கயிறு அறுந்தால் கொட்ட நேரமில்லை. லீவரைத் திறந்துவிட்டு, மூக்கைத் தாழ்த்தி, கூடுதல் வேகத்தோடு நேராக இறங்க வேண்டியதுதான். அந்த வேகம் எவ்வளவு என்று புறப்படுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

தெர்மலில் நுழையும்போது குச்சியைச் சடாரென இழுக்காதீர்கள். தண்ணீரோடு எல்லாமே ஒரு மூச்சு தாமதமாக நடக்கும், கை மென்மையாக இருக்கட்டும். மேலே நீங்கள், கீழே மற்றவர்கள் சுற்றும் தெர்மலில் தண்ணீரைத் திறக்காதீர்கள், விலகிப் போய்க் கொட்டுங்கள்.

உறைவதைப் பற்றி உங்கள் ஊரில் யாரும் பேச மாட்டார்கள், நீங்கள் இருக்கும் ஊரில் கட்டாயம் பேச வேண்டும். தெர்மல் இருக்கும் நாளில் நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். கத்திரி வெயிலில் வேலூரில் 41 டிகிரி என்றால், பூஜ்யத்துக்குப் போக நாலாயிரம் மீட்டர் ஏற வேண்டும். ஜெர்மனியில் ஏப்ரலில் தரையில் 15 டிகிரி என்றால் 1,500 மீட்டரிலேயே பூஜ்யம் வந்துவிடும். இறக்கைத் தண்ணீர் முழுதும் உறைய நேரமாகும். ஆனால் வால்வு வாயில் நிற்கும் துளித் தண்ணீர் சீக்கிரம் உறையும், ஒரு பக்கம் மட்டும் உறைந்தால் மறுபடி அதே ஒற்றைக் குடம் கதை. உறைந்தால் தண்ணீர் ஒன்பது சதவீதம் பருக்கும், தொட்டியையும் கிழிக்கும். வெளிவெப்பமானி பூஜ்யத்தை நெருங்கினால் கீழே வாருங்கள், அல்லது அதற்கு முன்பே கொட்டிவிடுங்கள்.

வாலில் ஒரு சின்னத் தொட்டி உள்ள வகை என்றால் அதிகக் கவனம். இறக்கைத் தண்ணீர் மூக்கைத் தாழ்த்துவதைச் சரிக்கட்டவே வாலில் கொஞ்சம் ஏற்றுவது. இறக்கை காலியாகி வால் மட்டும் நிறைந்திருந்தால் ஈர்ப்பு மையம் பின்னால் போய்விடும். குச்சி பஞ்சுபோல இலேசாகும், ஸ்பின் எளிதில் வரும். வால் தண்ணீர் இறக்கையோடு சேர்ந்தோ முன்போ போகிறதா என்று தரையில் ஒருவரை நிறுத்திப் பாருங்கள். உங்கள் முதல் வருடத்தில் வால் தொட்டியைத் தொடவே வேண்டாம் என்பேன்.

படிப்படியாக எப்படி? முதல் நாள் பறக்கவே வேண்டாம். நிரப்புங்கள், திறந்துவிடுங்கள், இரண்டு பக்கமும் எத்தனை நிமிடத்தில் காலியாகிறது என்று கடிகாரம் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒருநாள் மாலை முழுக்க இதற்கே போகட்டும். இரண்டாவது, காற்று அடங்கிய நேரத்தில் கையேடு அனுமதிக்கும் குறைந்த அளவோடு ஏரோடோவில், அதாவது விமானத்தின் இழுவையில், ஆயிரம் மீட்டர் போங்கள். மெதுவாக வேகம் குறைத்து, எந்த இடத்தில் நடுக்கம் வருகிறது என்று பாருங்கள். தண்ணீரோடு ஸ்பின் பழகவே கூடாது. இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். பிறகு அங்கேயே முழுதும் கொட்டி, தரையில் எழுதிய நிமிடத்தோடு ஒப்பிட்டு, காலியாக இறங்குங்கள். இப்படி இரண்டு மூன்று முறை. அடுத்து முழு அளவோடு அதையே செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் தெர்மல், அதற்கும் பிறகுதான் தூரம். தண்ணீரோடு இறங்கும் பயிற்சி வேண்டுமா என்று கேட்பீர்கள். உங்கள் பயிற்றுநர் சொன்னால் மட்டும், குறைந்த அளவோடு, நீளமான தளத்தில்.

பறந்து முடிந்ததும் மூடிகளைத் திறந்து, இறக்கையை ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்து, கடைசிச் சொட்டுவரை வடியவிடுங்கள். தண்ணீரோடு டிரெய்லரில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

கடைசிக் கேள்வி, ஊரில் பறக்க வழி. வேலூருக்குப் பக்கத்தில் அப்துல்லாபுரத்தில் ஓடுதளம் இருக்கிறது, உடான் திட்டத்தில் அதைப் புதுப்பித்திருக்கிறார்கள், ஆனால் நம் பக்கம் கிளைடர் மன்றம் கிடையாது. அதனால் விடுமுறையில் கிளைடர் கிடைக்காது, ஆகாயம் கிடைக்கும். மே மாதம் காலை பதினோரு மணிக்குக் காட்பாடிப் பக்கம் பாலாற்றுப் பாலத்தில் நில்லுங்கள். ஆற்று மணலில் புழுதி சுருண்டு எழும், அதற்கு மேலே பருந்துகள் சிறகடிக்காமல் சுற்றும். கடிகாரத்தைப் பார்த்து ஒரு வட்டத்துக்கு எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். மேலே சொன்ன கிளைடருக்குத் தண்ணீர் இல்லாமல் ஒரு வட்டத்துக்கு 19 விநாடி, தண்ணீரோடு 23. பருந்தின் எண்ணிக்கையைக் குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள், அந்தத் தெர்மல் எவ்வளவு அகலம் என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.